தரகும் தயவும்: வீட்டு டியூஷனுக்கு ஆள் பிடித்தல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஒருவரை ஏஜென்சி வழியாகப் பிடிப்பதா, நேரடியாகப் பிடிப்பதா என்பது. ஆய்வுக் களம்: சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், வேளச்சேரி, அண்ணா நகர் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆய்வெல்லை: மாலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை. முதன்மைச் சான்றுகள்: மின்கம்பத்திலும் பால் பூத் சுவரிலும் ஒட்டிய துண்டுக் காகிதங்கள். துணைமைச் சான்றுகள்: மாடிப்படியில் காதில் விழுந்த பேச்சுகள். இவற்றை அனுமதி பெற்றுச் சேகரிக்கவில்லையே என்று சிலர் குறை சொல்லக்கூடும். பேசியவர்கள் குரலைத் தாழ்த்தாததே அனுமதியாகக் கொள்ளப்பட்டது.

இத்துறையில் முன்னோர் செய்துவிட்டுப் போனது குறைவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர் யார், ஆசிரியர் ஆகாதார் யார் என்று வகுத்துவைத்தார். ஆகாதாருக்கு அவர் காட்டும் உவமைகள் நான்கும் இன்றைய டியூஷன் சந்தைக்கு அளவெடுத்துத் தைத்தவை. கழற்குடம் என்பது கழற்காய் நிரப்பிய குடம். போட்ட வரிசையில் காய் வெளியே வராது. முக்கோணவியலைத் தொடங்கி, பாதியில் அளவியலுக்குத் தாவி, நிகழ்தகவில் கரையேறுகிறவர் இவ்வகை. பருத்திக் குண்டிகை, பஞ்சடைத்த குடுக்கை. அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. பல்கலைக்கழகப் பதக்கம் வாங்கியவர்களில் இவ்வகையினர் கணிசம். மடற்பனை தன்மேல் ஏறவிடாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. “டவுட் இருந்தா கேளு” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் இறங்கிவிடுகிறவரை இதில் சேர்க்கலாம். நான்காவதான முடத்தெங்கு பின்னால் வரும். இத்தனை நுணுக்கமாக எழுதிய முனிவர், இவர்களை எங்கே தேடுவது, யாரை விட்டுக் கேட்பது, முதல் மாதச் சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யவில்லை. சீயகங்கன் என்ற சிற்றரசன் ஆதரித்த ஆசிரியருக்கு இந்தக் கவலை வராதது இயல்பு.

மேலைநாட்டார் பக்கம் போனால் சற்று வெளிச்சம் உண்டு. எல்லாவற்றையும் சந்தையில் அவரவரே விலைபேசி வாங்கிக்கொள்ள முடியும் என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்று பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1937-ல் ஒரு கட்டுரையில் கேட்டார். விலை விசாரிப்பதற்கும் பேரம் பேசி ஒப்பந்தம் முடிப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்பது அவர் கண்ட விடை. 1991-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தக் கட்டுரைக்கும் பங்குண்டு. கோஸ் நங்கநல்லூரில் குடியிருந்திருந்தால் இன்னொரு செலவும் கண்ணில் பட்டிருக்கும்: பிடித்த ஆளை விடுவதற்கு ஆகும் செலவு. நமது கருதுகோள் அதைச் சுற்றியே நிற்கிறது.

முதலில் ஏஜென்சி முறை. துண்டுக் காகிதத்தில் உள்ள எண்ணை அழைத்தால் ஒரு பெண் குரல் எடுக்கும். “எந்த போர்டு சார்? வாரத்துக்கு எத்தனை நாள்? லேடீஸ் டியூட்டர் வேணுமா, ஜெண்ட்ஸ் வேணுமா? உங்க ஏரியாவுலயே நல்ல கேண்டிடேட் இருக்காங்க சார்.” இருக்கிறார்கள் என்று சொல்லப்படும் அந்த கேண்டிடேட், பெரும்பாலும் தொலைபேசியை வைத்த பிறகுதான் தேடப்படுகிறார். ஏஜென்சியின் வாட்ஸ்அப் குழுவில் ‘வேளச்சேரி, பத்தாம் வகுப்பு, வாரம் மூன்று நாள், அவசரம்’ என்று ஒரு செய்தி விழும். முதலில் கை தூக்குகிறவர் மறுநாள் மாலை நம் வீட்டு அழைப்புமணியை அழுத்துவார். தரகு பெரும்பாலும் வாத்தியாரிடமிருந்தே கழிக்கப்படும். சில ஏஜென்சிகள் முதல் மாதத் தொகையில் பாதியையும், சில முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. ஆக, முதல் மாதம் வாத்தியார் நம் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவர் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாதத்தில் அவர் கடிகாரம் பார்ப்பதைக் குற்றமாகக் கொள்ளலாகாது.

இம்முறையின் உயிர்நாடி டெமோ வகுப்பு. அன்று மாலை அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது. தாயார் சமையலறையில் கீரை ஆய்வதுபோல நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்பார். தகப்பனார் செய்தித்தாளைப் பக்கம் திருப்பாமல் படிப்பார். பிள்ளை அன்று ஒருநாள் நிமிர்ந்து உட்காரும். வாத்தியாரும் தமக்கு அத்துப்படியான ஒரே பாடத்தைத்தான் எல்லா வீட்டிலும் டெமோவுக்கு எடுப்பார். நான்கு பேரும் நடிக்கும் இந்த ஒரு மணி நேரத்தை வைத்து ஓராண்டை முடிவுசெய்கிறார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதினார்: விற்கிறவனுக்கு வண்டியின் கோளாறு தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது, ஆகவே நல்ல வண்டிகள் சந்தையை விட்டே போய்விடும். அவருக்கும் 2001-ல் நோபல் வந்தது. டியூஷன் சந்தை அதைவிடச் சிக்கலானது. இங்கே வண்டியில் உட்காரப்போகிறவனுக்கு இரண்டாம் வாரமே எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவனை மட்டும் யாரும் கேட்பதில்லை. வாங்கியவருக்கோ, அரசுத் தேர்வு முடிவு வரும் மே மாதத்தில்தான் தெரியும்.

டெமோ புதிய வழக்கம் என்று நினைப்பது பிழை. பழங்காலத்தில் அது தலைகீழாக நடந்தது. 1871-ல் உ.வே. சாமிநாதையரை அவருடைய தந்தையார் மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன்னால் நிறுத்தியபோது, பிள்ளையவர்கள்தாம் பையனைப் பாடல் சொல்லச் சொல்லிக் கேட்டார். சோதனை மாணவனுக்கு. நேரடி முறையின் தலைசிறந்த சான்றாக இதைக் காட்டுவோர் உண்டு. ஆனால் ஐயரின் ‘என் சரித்திர’த்தைப் புரட்டினால், அதற்கு முன் பாடம் சொன்ன விருத்தாசல ரெட்டியார் போன்றவர்கள் பிள்ளையவர்களின் பெருமையை எடுத்துச்சொல்லி வழிகாட்டியிருப்பது தெரியவரும். அங்கேயும் நடுவில் ஆள் இருந்திருக்கிறார். கமிஷன் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஆய்வு ஒரு திருப்பத்தை அடைகிறது. நேரடி முறை என்று ஒன்று உண்டா? களத்தில் தேடிய அளவில் தென்படவில்லை. “நாங்க ஏஜென்சிக்கெல்லாம் போகலை, டைரக்டாவே பிடிச்சுட்டோம்” என்று சொல்லும் எந்த வீட்டையும் சற்றுக் கிளறினால் உள்ளே ஒருவர் இருப்பார். இஸ்திரி போடுகிறவர், பூக்காரம்மா, மூன்றாம் மாடி மாமி, சித்தி மகளோடு வங்கியில் வேலை பார்ப்பவர், பெரிய நாத்தனார். தொல்காப்பியக் கற்பியல் ஊடல் தீர்க்கத் தூது போகும் வாயில்களாகத் தோழி, பாணன், விறலி என்று பன்னிருவரைக் கணக்கெடுக்கிறது. இடையில் ஆள் வைத்துக் காரியம் முடிப்பதில் நமக்கு இருக்கும் பரம்பரைத் தேர்ச்சி அப்படி. அந்தப் பன்னிருவரில் எவருக்கும் தரகு இத்தனை என்று இலக்கணம் விதிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தரகு இல்லாத இடத்தில் தயவு இருக்கும். மாநிலப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் இயலின் பெயர் ‘உறவுகளும் சார்புகளும்’. நேரடி முறையின் இலக்கணமும் அதுவே.

தரகையும் தயவையும் எடைபோட ஓர் எளிய நிகழ்வை எடுத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை, வாத்தியாரை நிறுத்தவேண்டும். ஏஜென்சி வழி வந்தவர் என்றால் ஒரு தொலைபேசி போதும். “கேண்டிடேட் செட் ஆகலை மேடம், வேற ஆளை அனுப்புங்க.” அவர் வருத்தப்படுவாரா, கோபப்படுவாரா என்பதெல்லாம் அந்தப் பெண் குரலின் பொறுப்பு. பெரிய நாத்தனார் சொல்லி வந்தவர் என்றால் வீட்டில் ஒரு மந்திராலோசனை கூடும். முதல் வாரம் பாட்டிக்கு உடம்பு சரியிருக்காது. அடுத்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். அதற்கடுத்து, “ஸ்கூல்லயே ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுட்டாங்க சார், பையன் வர்றதுக்கே ஏழு மணி ஆயிடுது.” அப்படிச் சொல்லிவிட்டதால் ஏழு மணி வரை முன்னறையில் விளக்குப் போடக்கூடாது, பையன் பால்கனியில் தலைகாட்டக்கூடாது. இத்தனைக்கும் பிறகு தீபாவளிக்கு வரும் நாத்தனார், இனிப்புத் தட்டைக் கையில் வாங்கும்போதே கேட்பார்: “நான் சொன்ன வாத்தியார் வேணாமாமே?” தரகுப் பணம் முதல் மாதத்தோடு தீர்ந்துபோகும் கடன். தயவுக்குத் தவணை முடிவதில்லை. பையன் இஞ்சினியரிங் முடித்து வேலைக்குப் போன பிறகும் “அன்னிக்கு அந்த வாத்தியாரை நான்தான்…” என்று வட்டி கேட்டு வரும். ஏஜென்சி உண்மையில் விற்பது ஆளை நீக்கும் உரிமையை. வாத்தியார் அதற்கு இனாம்.

இதை ஏஜென்சிக்காரர்களே உணர்ந்ததாகத் தெரியவில்லை. உணர்ந்திருந்தால் துண்டுக் காகிதத்தில் ‘அனுபவமிக்க ஆசிரியர்கள்’ என்பதற்குப் பதிலாக ‘மனக்கசப்பின்றி நிறுத்தித் தரப்படும்’ என்று அச்சடித்திருப்பார்கள்.

இப்போது முடத்தெங்கு. சொந்த நிலத்தில் வேரூன்றி, வளைந்து, அடுத்தவன் நிலத்தில் காய் போடும் தென்னை. ஏஜென்சி நட்ட வாத்தியார் இரண்டாம் மாதம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பேச்சை எடுப்பார்: “இனிமே நாமளே நேரா பேசிக்கலாம் சார், நடுவுல அவங்க எதுக்கு?” தகப்பனாரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சம்மதிப்பார். மறுமாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கும், அதற்கடுத்து மேல்மாடி இரட்டையருக்கும் அவரே. ஒரே வண்டி நிறுத்தத்தில் மூன்று வீட்டுக் காய். இந்தக் கசிவு உறுதி என்பதால்தான் முதல் மாதத்திலேயே பாதியை எடுத்துவிடுகிறார்கள். வாத்தியாரின் நியாயமும் தள்ளத்தக்கதல்ல. முதல் மாதம் முழுவதும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தானே.

சிற்றுண்டி குறித்து இங்கே சொல்லியாகவேண்டும். ஏஜென்சி வழி வந்தவருக்கு முதல் வாரம் தண்ணீர், மூன்றாம் வாரம் காபி. தயவின் வழி வந்தவருக்கு முதல் நாளே காபி, மழை பெய்தால் பஜ்ஜி. அரையாண்டு மதிப்பெண் இறங்கினால் இருவருக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன். மாதச் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காத குடும்பங்கள்கூட இந்த வகையில் தங்கள் மதிப்பீட்டை ஒளிக்காமல் தெரிவிக்கின்றன.

சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. துண்டுக் காகிதங்களில் எண் மட்டும் இருந்து பெயர் இல்லாததற்கு இது ஒரு காரணமாகலாம். தென் கொரியாவின் ராணுவ ஆட்சி இன்னும் ஒரு படி மேலே போய் 1980-ல் தனிப்பயிற்சிக்கே தடை போட்டது. டியூஷன் மறைவாக நடந்தது. 2000-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ராணுவ ஆட்சியால் ஆகாததை நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டி நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை.

ஏஜென்சி முறைக்கு எதிரான வாதம் ஒன்றையும் மறைக்கலாகாது. சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போகுமுன், சென்னையில் வேலை தேடி அலைந்த நாட்களில், எஃப்.ஏ. தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொஞ்சம் சம்பாதித்தார். அதே எஃப்.ஏ. தேர்வில் அவரே தேறவில்லை. இன்றைய ஏஜென்சி படிவத்தில் ‘கல்வித் தகுதி’ கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்? அந்தப் பெண் குரல், “பி.எட். இருக்கா சார்?” என்று கேட்டு வைத்திருக்கும். தெரிந்தவர் சொல்லி மட்டுமே வீட்டுக்குள் வரக்கூடிய ஆள் அவர். வந்தாலும் காலாண்டுக்குள் பாடப்பகுதியை முடித்திருப்பாரா என்பது வேறு விஷயம். நாத்தனாரிடம் அதை யார் சொல்வது?

மேலாய்வுக்கு உரிய களங்கள் பல மிஞ்சியிருக்கின்றன. இந்தித் தேர்வுகளுக்குச் சொல்லித்தரும் மிஸ்கள் ஏஜென்சிக்கே போகாமல் தெரு முழுவதையும் எப்படிப் பிடித்தார்கள் என்பது ஒன்று. பாட்டு வாத்தியார், கணக்கு வாத்தியார் இருவரும் ஒரே நேரத்துக்கு வந்துவிட்டால் முன்னறை யாருக்கு என்பது இன்னொன்று. வாத்தியாரின் சொந்தப் பிள்ளைக்கு யார் கணக்குச் சொல்லித்தருகிறார் என்ற கேள்வியை, களப்பணியின்போது சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டுப் பார்த்தோம். “அவன் எங்கிட்ட உக்கார மாட்டேங்கிறான் சார்” என்றார். “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன். ஏஜென்சி வேணாம், அவங்க எப்படி ஆள் பிடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்.”