கடிகாரம் சொல்லும் கணக்கு

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: சுமார் 15,300 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் பறந்தால் 18, 19 மணி நேரம். பூமியில் இரண்டு ஊர்கள் விலகியிருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்தான். அதில் முக்கால் பங்கு இது. மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆனாலும் விமானங்கள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேல் சுற்றிக்கொண்டு போகின்றன. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது. எனவே நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்புகிறவர் மறுநாள் அதிகாலையில் இறங்கிவிடுகிறார். கடிகாரத்தைக் கேட்டால் ஐந்து முதல் ஏழு மணி நேரப் பயணம். இடுப்பைக் கேட்டால்தான் உண்மை தெரியும்!