காரமே இல்லையே: போர்ட் கிள்ளான் காரமானி குறித்து ஓர் ஆய்வு

போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சாப்பாட்டுக் கடை; பெயர் வேண்டாம். வேலை நாள், மதியம் ஒன்றே கால். கண்டெய்னர் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்த ஓர் இளைஞர், வாழையிலைச் சோற்றில் ஆட்டிறைச்சிப் பெரட்டலைப் பிசைந்து மூன்றாவது வாய் வைத்திருக்கிறார். நெற்றி முழுக்க வியர்வை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. இடது கை ஐஸ் தண்ணீர்க் குவளையைப் பிடித்திருக்கிறது, ஆனால் தூக்கவில்லை. எதிரே இரண்டு நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழம்பு வாளியோடு வந்த கடைக்கார அக்கா கேட்கிறார்.

"காரம் எப்படி தம்பி?"

"காரமே இல்லயே லா, அக்கா."

இந்த ஆய்வின் மூலத் தரவு இந்த ஒரு வாக்கியம்தான். மீதி எல்லாம் உரை.

வெளிநாட்டு முன்னோடி ஒருவரைச் சொல்லாமல் மேலே போனால் இதை ஆய்வுக் கட்டுரை என்று யாரும் மதிக்கமாட்டார்கள். எனவே வில்பர் ஸ்கோவில். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பார்க் டேவிஸ் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த இவர், 1912-இல் ஒரு சோதனை வகுத்தார். காய்ந்த மிளகாயைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுப்பது, அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேர் நாக்கில் வைப்பது. உறைக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர். ஐவரில் மூவர் "இப்போது ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே போவது. எத்தனை மடங்கு நீர்த்துப்போனதோ அதுதான் அந்த மிளகாயின் ஸ்கோவில் எண். இப்போது இதைச் செய்ய இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் உலகமே ஒப்புக்கொண்ட அந்த அளவுகோலின் அடிமரம், ஐந்து பேர் வாயால் சொன்ன சாட்சி. டெட்ராய்ட்டில் சாட்சிகள் உண்மை பேசினார்கள். போர்ட் கிள்ளானில் அந்த வசதி கிடையாது.

அதனால் இங்கே வேறொரு காரமானி தேவைப்படுகிறது. சாப்பிடுகிறவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு சொல்கிறார் என்பதை எண்ணவேண்டும். காரம் குறைவான நாளில் பேச்சு நீளும்: "என்னக்கா, கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி சப்புன்னு இருக்கு, மிளகாய் விலை ஏறிப்போச்சா, இல்ல மாமாவுக்குப் பிரஷரா?" கொஞ்சம் ஏறினால் அது "பரவால்ல, நல்லா இருக்கு" என்று சுருங்கும். இன்னும் ஏறினால் "ம்". அதற்கும் மேலே பேச்சே இல்லை. பற்களுக்கிடையில் காற்றை உள்ளே இழுக்கும் 'ஸ்ஸ்' மட்டும். அதற்கும் மேலே ஒரு விரல் குவளையின் விளிம்பைச் சுற்றிக் காட்டும், இன்னொரு ஐஸ் தண்ணீர் என்று. ஒரு கவளத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கெடுத்தால் விதி தானாக வந்து விழுகிறது: காரம் ஏற ஏறச் சொல் குறையும், "காரமே இல்லை" என்கிற சொல் மட்டும் கடைசிவரை நிற்கும்.

அந்த 'ஸ்ஸ்' வெறும் பாவனை அல்ல என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்கில் எந்தச் சுவை மொட்டையும் போய்த் தொடுவதில்லை. ஏறக்குறைய 43 டிகிரி சூட்டுக்கு விழித்துக்கொண்டு "சுடுகிறது" என்று மூளைக்கு ஆள் அனுப்பும் ஒரு நரம்பு வாசல் உண்டு. கேப்சைசின் அதன் கதவைத் தட்டிவிட்டுப் போகிறது. மூளை வாய்க்குள் தீ என்று நம்பி வியர்வையையும் மூக்குநீரையும் திறந்துவிடுகிறது. 1997-இல் அந்த வாசலை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது, தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்த்து. "நாக்கு வெந்துபோச்சு" என்று நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்! பரிசுக் குழுவுக்கு அது எட்டவில்லை.

மொழி விஷயத்தில் போர்ட் கிள்ளான் ஒரு நல்ல ஆய்வுக்கூடம். ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல். மலாயில் சூடு பானாஸ், காரம் பெடாஸ், குழப்பமே இல்லை. ஹொக்கியன் பேசும் சீனர் ஹியாம் என்பார். நாம் காரம் என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களில் அது உறைப்பு. எரிகிறது என்ற வினை மட்டும் எல்லாத் தமிழருக்கும் பொது. இந்த ஒரு வினைச்சொல்லில், 2021-இன் நோபல் உரை முழுவதும் அடங்கியிருப்பதாக இக்கட்டுரை கருதுகிறது. கொஞ்சம் மிகைதான், ஆய்வுக் கட்டுரைகளில் இது அனுமதிக்கப்பட்டதே.

மிளகாயின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கூட்டம் அதைக் கண்டு மிளகின் பெயரையே சூட்டியது. போர்த்துக்கீசியர் 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் பிடித்தார்கள். அவர்கள் கப்பல் பாதையில் அது கிழக்கே வந்தபோது, தமிழர் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றார்கள். மலாய்க்காரர் மிளகுக்கு வைத்திருந்த லாடா என்ற சொல்லை அதற்கும் கொடுத்தார்கள். மூன்று மொழி, ஒரே தப்பு. அதற்கு முன்னால் தமிழனின் காரமெல்லாம் மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். சங்கப் பாட்டுகளில் 'கறி' என்றால் மிளகு. ஆக, "எங்க பரம்பரைக்கே காரம் ரத்தத்தில் ஓடுது" என்று மேசையைத் தட்டுகிறவர் ஐந்நூறு வருஷத்துக்கு உட்பட்ட ரத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

போர்ட் கிள்ளான் 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டது. 1972-இல் இப்போதைய பெயர். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்கள் இந்தத் துறையில் இறங்கியபோது மிளகாய் ஏற்கெனவே சம்பாலாகி, பெலாச்சான் என்ற இறால் விழுதோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இதனால் கிள்ளான் தமிழருக்கு இரட்டைச் சொத்து வாய்த்தது. ஒன்று, ஊரிலிருந்து தொடர்ந்து வரும் காய்ந்த மிளகாய். வறுத்து, மல்லியோடு மில்லில் அரைத்த தூள். அது மெதுவாக வந்து தொண்டையின் பின்கட்டில் உட்காரும். இன்னொன்று சிலி பாடி, நம் பக்கத்துச் சீனி மிளகாய். 50,000 முதல் 100,000 ஸ்கோவில் வரை போகும். அது நாக்கு நுனியில் ஊசி. கெச்சில் கெச்சில் சிலி பாடி என்று மலாயில் ஒரு வழக்கு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நமக்கொன்று. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் பெரட்டல்.

வாழையிலைச் சாப்பாட்டின் வரிசை முறையைத் தனியாக ஆராயவேண்டும், ஏனென்றால் அதில் சதி இருக்கிறது. பெரட்டல் முடிந்து நாக்கு ஏற்கெனவே தீப்பற்றியிருக்கும்போது, எவர்சில்வர் டம்ளரில் சூடாக மிளகு ரசம் வருகிறது. கேப்சைசின் பட்ட நரம்பு வாசலுக்கு 43 டிகிரிகூடத் தேவையில்லை. சாதாரண வெதுவெதுப்பே கொதிநீராகத் தெரியும். மிளகிலுள்ள பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. இலையின் ஓரத்தில் மோர் மிளகாய் வேறு. மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும் பால்புரதம் இருப்பது மோரில். அந்த மோரிலேயே மிளகாயை ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்து இலையில் போடுகிறோம். மருந்தில் ஊறிய நோயை மறுபடி நோயாகவே பரிமாறும் சமையல் இது.

மருந்து என்றதும் ஒரு வழக்கை விசாரிக்கவேண்டும். "சூட்டைச் சூடுதான் முறிக்கும், தே தாரிக் குடி" என்பது பெரியவர்கள் கட்சி. "ஐஸ் தண்ணி" என்பது இளையவர்கள் கட்சி. தண்ணீரில் கேப்சைசின் அவ்வளவாகக் கரையாது. வாயில் குளிர்ச்சி இருக்கும்வரைதான் நிம்மதி. 2019-இல் அமெரிக்காவில் அலிசா நோல்டன், ஜான் ஹேய்ஸ் குழுவினர் 72 பேருக்குக் காரமான பானம் கொடுத்து, பிறகு தண்ணீர், பால், கோலா, சோடா, மதுவற்ற பீர், சர்க்கரை போட்ட பழச்சுவைப் பானம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பாலும் இனிப்புப் பானமும் முன்னால் நின்றன. கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலும் ஒன்றுபோலவே வேலை செய்ததால், வேலை செய்வது கொழுப்பு இல்லை, புரதமாக இருக்கவேண்டும் என்று எண்ணினார்கள். பீர் கட்சிக்கு மரியாதை கிடைக்கவில்லை.

பாலும் வேண்டும், இனிப்பும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த பானம் மலேசியாவின் எல்லாக் கடையிலும் இருக்கிறது: சிராப் பண்டுங். ரோஜா சிரப்பும் பாலும் ஐஸும். அறிவியல்படி இதைவிடச் சிறந்த தீயணைப்பு வண்டி இல்லை. ஆனால் இளஞ்சிவப்பு. நண்பர்கள் முன்னால் பெரட்டல் சாப்பிட்டுவிட்டு இளஞ்சிவப்புக் குவளையை வாயில் வைக்க, கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதை எந்த இயந்திரமும் அளந்து சொல்லாது.

வெயில் ஊர்க்காரன் அதனால்தான் காரம் தின்கிறான், வியர்த்தால் உடம்பு குளிரும், கிருமி சாகும் என்பது காப்பிக்கடை வாதம். கிருமிக் கதைக்கு 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சான்று கொடுத்தார்கள். 2021-இல் லிண்டல் புரோமம் குழு 70 சமையல் மரபுகளிலிருந்து 33,750 குறிப்புகளை அலசி, அந்தக் கணக்கு நிற்கவில்லை என்று சொல்லிவிட்டது. பால் ரோசின் என்ற உளவியலாளர் 1980-இல் மெக்சிக்கோவிலும் அமெரிக்காவிலும் மிளகாய் தின்பவர்களைக் கேட்டுப் பார்த்துச் சொன்னது இன்னும் சுவாரசியம்: பலருக்குப் பிடித்த காரம், தாங்கமுடியாத காரத்துக்கு ஒரு படி கீழே இருப்பது. ஆபத்து இல்லை என்று தெரிந்த ஆபத்து. தீமிதியைப் பார்த்து வளர்ந்த ஊரில் இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ரோசினின் ஆட்கள் ஆய்வாளருக்குப் பதில் சொன்னவர்கள். எதிரே இரண்டு நண்பர்கள் உட்கார்ந்தால் அந்தப் படி எங்கே போகும் என்பதுதான் கிள்ளான் கேள்வி.

ஒப்பீட்டுக்காக எதிர்க்கடையையும் பார்க்கலாம். கிள்ளானின் பெயர் சொல்லும் சீனர் பன்றியிறைச்சிச் சூப்பான பாக் குட் தேவில் காரமே கிடையாது. அரிந்த சிலி பாடியைக் கறுப்பு சோயாவில் போட்டுத் தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள். வேண்டியவர் தொட்டுக்கொள்ளலாம். 2024-இல் அது தேசியப் பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்டது. காரத்தைக் கேட்டுக் கொடுக்கும் நாகரிகம் அது. நம் கடையில் கேள்வி சாப்பிட்ட பிறகுதான் வருகிறது.

உலகத்தின் மிகக் காரமான மிளகாய்களை வளர்த்தவர், பெயரிலேயே கறி வைத்திருக்கும் அமெரிக்கர் எட் கறி. 2013-இல் 15 லட்சம் ஸ்கோவிலைத் தாண்டிய கரோலினா ரீப்பர் அவருடையது. 2023-இல் 26,93,000 ஸ்கோவிலோடு கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸும் அவருடையதே. அதை முழுசாகத் தின்ற பிறகு மூன்றரை மணி நேரம் எரிந்ததாகவும், வயிறு இழுத்துப் பிடித்து ஒரு மணி நேரம் மழையில் பளிங்குச் சுவரில் மல்லாந்து கிடந்ததாகவும் அவரே சொன்னார். உழைப்பாளி, நேர்மையானவர். போர்ட் கிள்ளான் மேசையில் முதல் சுற்றிலேயே தோற்றிருப்பார்.

உண்மையாகவே "காரமே இல்லை" என்று சொல்லக்கூடிய ஓர் இனம் உண்டு. பறவைகளுக்கு அந்த நரம்பு வாசல் கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. எலிகள் மிளகாயைத் தொடாமல் ஒதுங்க, பறவைகள் தின்று விதையை ஊரெல்லாம் போட்டுவிட்டுப் போவதை டெவ்க்ஸ்பரி, நப்ஹான் இருவரும் 2001-இல் காட்டினார்கள். கடையின் பின்பக்கம், பெயின்ட் வாளியில் நட்ட சிலி பாடிச் செடிக்கு ஒரு மைனா வருவதுண்டு. இரண்டு பழம் கொத்தும், வாய் துடைக்காமல் போய்விடும். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளே இளைஞருக்கு ஒன்பதாவது வாய். நண்பர்களின் பேச்சும் நின்றுவிட்டது. அவர்களுக்கும் அதே பெரட்டல்தான். மூக்குச் சொட்டு எப்போதோ விழுந்துவிட்டது. அக்கா சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒரு குவளை சிராப் பண்டுங்கைக் கொண்டுவந்து அவர் இலைப் பக்கத்தில் வைத்தார்.

"இது நான் கேக்கலயே அக்கா."

"அந்த மேசைக்குப் போட்டது தம்பி. வேணாம்னு போய்ட்டாங்க. வீணாப் போகுது, குடிச்சிரு லா."

அந்த மேசையில் மதியத்திலிருந்து யாரும் உட்காரவில்லை. இளைஞர் அதைப் பார்த்தார், நண்பர்களைப் பார்த்தார், குவளையைத் தூக்கினார்.

"அக்கா," என்றார் நண்பர்களில் ஒருவர் மெதுவாக, "வேற மேசைல யாரும் வேணாம்னாங்களா?"