ஃபூ மவன் பார்

வாடா நைனா, இப்டி திண்ணையில குந்து. சிப்காட்டு கம்பெனிக்கு நீ எழுதற புரோகிராம உன் தங்கச்சி காட்டினா. மொத வரியில ‘ஃபூ’, அடுத்ததுல ‘பார்’, அப்பால ‘பாஸ்’. இவங்கல்லாம் யார்றா, காண்ட்ராக்ட்ல வந்த ஆளுங்களா?

சும்மா சொல்லக்கூடாது, பெரிய வம்சம்தான். 1935-ல அமெரிக்காவுல பில் ஹோல்மன்னு ஒருத்தரு தீயணைப்பு வண்டிக்காரன் கதைய படமா போட ஆரம்பிச்சாரு. அதுல கண்ட எடத்துல எல்லாம் ‘ஃபூ’ன்னு கிறுக்கி வச்சாரு. அப்பால அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி.யில பொம்மை ரயிலு ஓட்டுன பசங்க அத்தப் புடிச்சிகினாங்க. இன்டர்நெட்டுக்கு விதி எழுதறவங்க இந்த ‘ஃபூ’வுக்கு ஒரு ஜாதகமே கணிச்சி, 3092-ம் நம்பர் போட்டு வெளியிட்டாங்க. தேதி இன்னா தெரியுமா? 2001 ஏப்ரல் 1.

பைத்தான்னு புரோகிராம் பாஷ செஞ்சவன் ருசி தெரிஞ்சவன். டிவி காமெடியில வந்த டப்பாக் கறியையும் முட்டையையும் பேரா வச்சிகினான். பழவேற்காட்டுக்குப் பக்கத்துல இருந்துகினு நீ எறா, நண்டுன்னு வச்சா கொறஞ்சா பூடுவ?

நம்மாளுங்களும் இதுக்குச் சளச்சவங்க இல்ல. தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உரை எழுதின பெரியவங்க, உதாரணம்னாலே சாத்தன், கொற்றன்னு ரெண்டு பேரத்தான் இட்டாருவாங்க. வர்றதும் சாத்தன், துன்றதும் சாத்தன். பல நூறு வருசமா கூலி கேக்காம ஒழைக்கிறான், பாவம். ஆனா சாத்தன்னா ஒரு ஆளுன்னாவது வெளங்கும். உன் ‘பார்’ இன்னாது, லாரி எடையா, வாடகையா?

நான் சொல்றதக் கேளு, அந்தப் பேர மாத்தவே மாத்தாத. உன்னத் தவிர எவனுக்கும் புரியாத வரைக்கும் உன்ன எவன் வேலைய வுட்டு எடுப்பான்? ராத்திரி 2 மணிக்கு லாரி கேட்டுல நின்னாலும் உன்னத்தான் எழுப்புவான். எம்மாம் மரியாத! ஆறு மாசம் போயி உனக்கே புரியலன்னா எங்கிட்ட வா, வெத்தல மடிச்சித் தர்றேன். வேற இன்னா பண்றது?

அமெரிக்காக்காரனும் உன்ன மாதிரிதான். நம்ம பாஸ்போர்ட்டுல பேருக்கு ரெண்டு கட்டம். நம்ம சனம் இருக்கற ஒரே பேர ஒரு கட்டத்துல எழுதிட்டு இன்னொன்ன காலியா வுட்டுட்டா, விசாவுல மொதப் பேரு எடத்துல ‘எஃப்என்யூ’ன்னு அடிச்சிடுவான். மொதப் பேரு தெரியாதுன்னு அர்த்தமாம். பெத்தவங்க கோயில்ல வச்ச பேரு போயி, கம்பியூட்டரு வச்ச பேரு நெலைச்சிடுது.

அவ்ளோ தூரம் எதுக்கு? நேத்து டீக்கடையில ஒரு ஒடிசாப் பையன் கழுத்துல கேட் பாஸ் தொங்கிச்சி. கண்ணாடியப் போட்டுப் பாத்தேன். போட்டோ அவனுது, பேரு ‘டெஸ்ட்’, அப்பன் பேரும் ‘டெஸ்ட்’. அவம்பாட்டுக்கு பன்ன டீயில தொட்டுத் தின்னுகினு இருந்தான். எந்தக் கம்பெனின்னு கேக்காத. எழுதினவன் யாருன்னும் நான் கேக்கல. ஆனா அந்த அப்பன் ‘டெஸ்ட்’டு பேருலயும் ஒரு சம்பளம் வருதாமே, வாங்கறதுக்குத்தான் ஆளக் காணோமாம். நானும் சும்மாதான் குந்திகினு கீறேன், போயி வரிசையில நிக்கட்டுமா நைனா?