ரகசியம் காக்கப்படும்

பெயர், சாதி, மாத வருமானம் எல்லாவற்றையும் வாசலில் நின்று உரக்கக் கேட்டுவிட்டு, "உங்க பதில் ரகசியமா இருக்கும்க்கா" என்கிறார் தேர்தல் கருத்துக்கணிப்புக்கு டேப்லெட்டோடு வந்த தம்பி. எதிர்த் திண்ணையில் கட்சியின் கிளைச் செயலாளர் செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அக்காவிடம் கேட்டதற்கு மாமா பதில் சொல்கிறார். அது 'பெண்கள் கருத்து' என்று ஏறுகிறது. லோக்நீதி என்ற தேர்தல் ஆய்வு அமைப்பினர், மாதிரி வாக்குச்சீட்டும் பெட்டியும் கொண்டுபோய், மடித்துப் போடச் சொல்வதுண்டு. நல்ல வழிதான், பெட்டியை யார் தூக்குவது? 2024 மக்களவைத் தேர்தலின் எக்ஸிட் போல்கள் பல, பாஜக கூட்டணிக்கு 350 இடங்களைத் தாண்டிக் கொடுத்தன. வந்தது 293. மக்கள் பொய் சொல்லிவிட்டார்களாம்! வெயிலில் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அது எதிர்பார்த்த பதிலைக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். மோரும் கொடுத்திருப்பார்கள், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.