48 கொண்டை ஊசியும் ஒரு பொட்டலம் அல்வாவும்

அன்புள்ள அத்தானுக்கு,

கீழே வருவது மியூனிக்கில் வேலை பார்க்கும் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருடைய கதை. அவர் யாரென்று கேட்கக் கூடாது. மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று பெற்றவளிடம் சத்தியம் செய்துவிட்டு விமானம் ஏறியவர் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அவருக்குக் கோவில்பட்டி நண்பர் ஒருவர். நண்பரிடம் ஒரு ராயல் என்பீல்டு ஹிமாலயன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை இருவரும் அதில் ஏறி, ஆஸ்திரியாவைக் கடந்து, வட இத்தாலியில் பிராட் என்ற கிராமத்தில் ராத்தங்கினார்கள். மறுநாள் ஸ்டெல்வியோ கணவாய் ஏற வேண்டும். பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் பாதை அது, கோடையில்தான் திறப்பார்கள்.

கணவாயின் உயரம் 2,757 மீட்டர். நம் பொதிகையில் அகத்தியர் உச்சியே 1,868தான். பிராடிலிருந்து ஏற வேண்டியதே ஏறக்குறைய ஒரு பொதிகை. அதைச் சுமார் 25 கிலோமீட்டரில், 48 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிக்கிறது சாலை. லொம்பார்டி தன் கையில் இருந்த காலத்தில் அதை டைரோலோடு இணைக்க ஆஸ்திரியப் பேரரசு போட்டது; கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் 1820இல் தொடங்கி 1825இல் முடித்தார். தாமிரபரணிக்குக் குறுக்கே சுலோசன முதலியார் கைக்காசு போட்டுக் கட்டிய பாலம் திறந்தது 1843இல். ஸ்டெல்வியோவில் கஜானா திறந்தது, நெல்லையில் ஒரு மனுஷனின் மடி அவிழ்ந்தது. நம்மவருக்கு அதில் ரகசியப் பெருமை.

வளைவுகளுக்கெல்லாம் எண் உண்டு. அடிவாரத்தில் 48, ஏற ஏறக் குறையும். கோவில்பட்டிக்காரர் ஓட்ட, பின்னால் இருந்தவர் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினைச் சோதிப்பவர்போல 48, 47, 46 என்று எண்ணிக்கொண்டே போனார். பூஜ்யம் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு மட்டும் இருந்தது.

எதிரே வந்த பைக் ஓட்டிகள் எல்லோரும் இடது கையைத் தாழ்த்தி எதையோ காட்டினார்கள். ஊர்ப் பழக்கத்தில், சைடு ஸ்டாண்டை எடுக்கவில்லையோ என்று நம்மவர் மூன்று தடவை குனிந்து பார்த்தார். நாலாவது தடவை நண்பர் சொன்னார்: "வணக்கம் சொல்லுதான்வே!"

22ஆம் வளைவில் நம்மவர் ஓட்ட உட்கார்ந்தார். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால், வலது வளைவுதான் எமன்: உள்வட்டம் சின்னது, ஏற்றம் அதிகம். இடது வளைவில் ஏறிப் பழகிய நெல்லை உடம்பு குழம்பியது. முதல் கியருக்கு மாற்ற மறந்தார், என்ஜின் நின்றது, வண்டி படுத்துக்கொண்டது. என் முழங்கால்... மன்னிக்கவும், அவருடைய முழங்கால் லேசாகச் சிராய்த்தது.

இரண்டு வளைவு தள்ளி, மேலேயிருந்து ஒரு பஸ். நம்மவர் வளைவுக்குப் பத்தடி முன்பே ஓரங்கட்டி நின்றுவிட்டார்.

"ஏம்வே நிக்கீரு? ஏறுத வண்டிக்குத்தான முதல் வழி?"

"சட்டம் டிரைவருக்குத் தெரியும்வே. பஸ்ஸோட வாலுக்குத் தெரியாது."

சொன்னபடியே பஸ் முழுச் சாலையையும் துடைத்துக்கொண்டு திரும்பியது. இந்த ஞானம் ஜெர்மனியில் படித்ததல்ல. மணிமுத்தாறு சோதனைச் சாவடி தாண்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போன அரசு பஸ்ஸில், பள்ளி நாட்களில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றது. அந்தக் குண்டும் குழியுமான பாதையில் பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். டிரைவர் வெற்றிலையை மென்றபடி ஒரு ஒடி ஒடிப்பார். எண் போட்ட கல் கிடையாது, கைகாட்டி வணங்கவும் ஆள் கிடையாது. நம்மவர் தீர்ப்பில், ஸ்டெல்வியோவில் தோல் சட்டை போட்டுத் திரியும் அத்தனை பேருக்கும் அந்த டிரைவர் பெரியவர்.

உச்சியில் திருவிழாக் கூட்டம். சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே போனதால் பூமி சாய, அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்களே, அந்தச் சாய்வுக்கு இந்தக் கூட்டமே போதும். பன்றி இறைச்சி சாசேஜ் வாசனைக்கு நடுவே, நம்மவர் பையிலிருந்து அக்காள் அனுப்பிய திருநெல்வேலி அல்வாவை எடுத்தார். தாடிவைத்த ஜெர்மன்காரர் ஒருவர் வாயில் போட்டு, மெல்லுமுன் கரைந்ததில் திகைத்து, நெய் ஒட்டிய விரலைப் பார்த்து, இன்னும் கேட்டார். எங்கள் ஊரில் அல்வா கொடுத்தார் என்றால் ஏமாற்றினார் என்று அர்த்தம் என நண்பர் விளக்கப்போக, மனிதர் அவசரமாகப் பர்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

படம் ஒன்று இணைத்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று தெரியாது. அம்மாவுக்கு அல்வாப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டவும். அக்காளிடம் சொல்லி இன்னொரு அரைக் கிலோ அனுப்பவும்.