பூசை முந்தியா, பூச்சு முந்தியா?

புதுக் காருக்குச் செராமிக் கோட்டிங் போடத் துணிந்த வீடுகளில் முதல் வாரமே ஒரு கோட்பாட்டுச் சண்டை மூண்டுவிடுகிறது. பூசை முந்தியா, பூச்சு முந்தியா? வீட்டுப் பெரியவர்கள் பூசைக் கட்சி. எலுமிச்சம்பழத்தை நசுக்காத வண்டி தெருமுனையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு. கோட்டிங் கடைக்காரர் பூச்சுக் கட்சி. “ஷோரூம்ல எடுத்து நேரா இங்க வந்துடுங்க சார், நடுவுல ஒருத்தரையும் தொடவிடாதீங்க” என்பார். நடுவில் நிற்பவர் கடன் வாங்கிக் கார் எடுத்தவர். அவருக்கு இந்த விவாதத்தில் வாக்குரிமை கிடையாது. இரு தரப்புச் சான்றுகளையும் சீர்தூக்கி இப்பூசலைத் தீர்த்துவைப்பதே இவ்வாய்வின் நோக்கம். இதற்கு நல்கை எதுவும் பெறப்படவில்லை.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் என்று ஒருமையில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு பூச்சுகள். தகட்டின்மேல் மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத க்ளியர் கோட். நான்கையும் கூட்டினால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், பல லட்ச ரூபாய் வண்டியின் அழகு மொத்தமும் ஏறக்குறைய இரண்டு முடிக்குள் அடக்கம். க்ளியர் கோட் மட்டும் என்றால் 40 மைக்ரானை ஒட்டி, அரை முடி. விற்பனையாளர் “கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க சார்” என்று புறங்கையால் தடவிக் காட்டியது இந்த அரை முடியைத்தான். இதன்மேல் போடப்படும் செராமிக் கோட்டிங், காய்ந்த பிறகு ஏறக்குறைய 1 மைக்ரான் நிற்கும்.

வரலாற்றில் இந்தக் கவலை மிகவும் பிந்தியது. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கிடைத்தது. 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ வந்த பிறகுதான், வாரக்கணக்கில் காயவேண்டியிருந்த கார் பெயின்ட் மணிக்கணக்கில் காய்ந்து, பல நிறங்களிலும் கிடைத்தது. க்ளியர் கோட் பரவலானது 1980களில். மெல்லிய கீறலுக்கும் மனம் உடைந்துபோகும் கார் உரிமையாளர் என்ற இனம் அதற்குப் பிறகே தோன்றியிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் ஊகம். அம்பாசிடர் வைத்திருந்தவர் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

இனிப் ‘புது’ என்ற அடைமொழிக்கு வருவோம். பூச்சுக் கட்சியின் வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. அந்தச் சொல்லோ மீட்டர் காட்டும் கிலோமீட்டரின்மேல் நிற்கிறது. வண்டியின் மேனிக்கு வேறு ஒரு பயணக் குறிப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பிறக்கும் கார்கள் டிரெய்லரிலும் போகின்றன, ரயிலிலும் போகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் நிலையத்தில் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் ரயில்களை அந்த ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உரசும்போது பறக்கும் துகள் சூட்டோடு வந்து பெயின்டில் பதிந்து, பிறகு துருப்பிடிக்கிறது. வெள்ளைக் காரில் மிளகாய்த்தூள் தெளித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். ரயிலேறாத வண்டியும் தப்புவதில்லை. எந்தச் சாலையிலும் பிரேக் தூசியில் இரும்பு உண்டு.

பிறகு யார்டு. வெயில், மழை, காக்கை. பிறகு டெலிவரிக்கு முந்தின நாள் மாலை அவசர அவசரமாக ஒரு வாட்டர் வாஷ். அன்றைக்குப் போகும் எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்பாஞ்சு, ஒரே வாளி. முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை சமத்துவமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. செல்போன் டார்ச்சைப் பானெட்டின்மேல் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தொழிலில் இதற்கு ‘ஸ்வர்ல்’ என்று பெயர். மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, ‘யாரும் தொடாத வண்டி’ என்று சாவி கொடுப்பது இதற்குப் பிறகு.

ஆக, தொடவிடாதீர்கள் என்ற அறிவுரை காலம் கடந்தது.

அடுத்து எதிர்த்தரப்பு. பூசைக் கட்சியின் நடைமுறைகளைக் கள ஆய்வு செய்யச் சென்னைப் பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. புது வண்டிகள் வரிசையில் நின்று அருள் பெறும் தலம் அது. பானெட்டில் சந்தனம், குங்குமம், முகப்பில் மாலை, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். வேதியியல் நோக்கில் எலுமிச்சைச் சாறு அமிலம், ஆனால் அது டயரோடு முடிந்துபோகிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதே பழைய முறைக் குங்குமம். அதுவும் சந்தனமும் காய்ந்து பொடியாகச் சற்று நேரம் கிடப்பதால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. சேதம் அதற்குப் பிறகு நிகழ்கிறது. அந்தப் பொடியையும் ரோட்டுப் புழுதியையும் சேர்த்து, வீட்டுப் பிள்ளை தோளில் கிடந்த துண்டால் தண்ணீரில்லாமல் அழுத்தித் துடைக்கிறான். குற்றவாளி குங்குமம் அன்று, துண்டு. இது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

எனவே கோட்டிங்குக்கு முந்தைய தயாரிப்பு எந்த வண்டிக்கும் தவிர்க்க முடியாதது. செராமிக் கோட்டிங் கீறலை ஆற்றாது. இருக்கிற கீறலை ஃபிரேம் போட்டு மாட்டிவைக்கும். தயாரிப்பு நிழலில், தகடு சூடில்லாதபோது தொடங்குகிறது. சோப்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி, மேலிருந்து கீழாக. அடுத்து இரும்பை நீக்கும் திரவம். அடித்துச் சில நிமிடத்தில் வெள்ளைக் கார் ஊதா நிறத்தில் அழ ஆரம்பிக்கும், பார்ப்பவர் பதறுவார். அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் வேறு. முடி நீக்கும் க்ரீமிலும் உள்ள தயோகிளைகோலேட் குடும்பத்து உப்பின் வேலை அது. வீட்டில் அந்த வாசனையை அடையாளம் கண்டவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் க்ளே. பார்க்கப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணேதான். ஜப்பானியர் ததாவோ கொதாத்தே 1990களில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கையைப் பாலித்தீன் பைக்குள் விட்டுக் கழுவின பானெட்டைத் தடவினால் உப்புத்தாளாக உறுத்தும். வழுக்கும் திரவம் தெளித்து க்ளேயைத் தேய்த்த பிறகு அந்த உறுத்தல் இருக்காது. கை தவறித் தரையில் விழுந்த க்ளேயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஊதிவிட்டு மறுபடி தேய்ப்பது நம் மரபு.

பாலிஷ் இந்த வேலையின் ஆபத்தான கட்டம், ஏனென்றால் பாலிஷ் என்பது கீறலைச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்கு இறக்குவது. கையிருப்பே அரை முடி. அதனால் நல்ல கடைக்காரர் கருவி வைத்துத் தடிமனை அளந்து, ஓரமாக ஒரு சாண் இடத்தில் மென்மையான பாலிஷை முயன்று பார்த்துவிட்டே மீதியைத் தொடுவார். கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. பாலிஷில் உள்ள எண்ணெய், வெள்ளையடித்து விரிசலை மறைத்த வாடகை வீடுபோலக் கீறலை மூடிவைக்கும், கோட்டிங்கையும் ஒட்டவிடாது. இந்த ஒரு துடைப்பில் பாலிஷ்காரரின் யோக்கியதை வெளியே வந்துவிடும்.

இடையே இரண்டு ஐயங்கள். புது பெயின்ட் ஒரு மாதம் ஊறவேண்டும் என்பார் ஒரு சாரார். தொழிற்சாலை அடுப்பில் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெந்து வந்த பெயின்டுக்கு அது பொருந்தாது. பட்டறையில் மறுபடி அடித்த பகுதிக்கே அந்தக் காத்திருப்பு. கோட்டிங்கின் கடினத்துக்குச் சொல்லப்படும் ‘9ஹெச்’ என்றால் வைரத்துக்கு அடுத்தது என்பார் மறுசாரார். வைரத்தை 10இல் வைக்கும் மோஸ் அளவுகோல் வேறு. 9ஹெச் என்பது பென்சில். 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையோடு பூச்சின்மேல் தள்ளிப் பார்க்கும் சோதனை. ஆணியோடு வரும் தெருப் பையன் பென்சில் கொண்டுவருவதில்லை.

மேற்கண்ட சான்றுகளால் பூசையே முந்தி என்று தெளியப்படுகிறது. பூசையில் ஒட்டிய எதுவும் தயாரிப்பில் போய்விடும். கோட்டிங் போட்ட பிறகோ ஒரு நாள் தண்ணீரே படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. துண்டை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் இரு கட்சிக்கும் வெற்றி.

இம்முடிவை ஏற்று நடந்த ஒரு வீட்டில் பிரச்சினை ஆயுத பூசையன்று எழுந்தது. பாட்டி நீர்க்கக் கரைத்த சந்தனக் கிண்ணத்தோடு இறங்கிவந்து பானெட்டின் முகப்பில் பொட்டு வைத்தார். தண்ணீரை ஒட்டவிடாத கோட்டிங். பொட்டு முத்தாகத் திரண்டு பம்பருக்கு வழிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வழிந்தது. மூன்றாம் முறையும் வழிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேரனைப் பார்த்தார்.

“சாமி ஏத்துக்க மாட்டேங்குதேடா. இந்த வண்டிக்கு என்ன பண்ணித் தொலைச்ச?”