செல்ஃப் எடுக்காமை: நெய்வேலி வட்டங்களில் நிற்கும் பழைய கார் குறித்த ஆய்வுரை

பழைய கார் காலையில் புறப்படாமல் நிற்பது இருவகைப்படும். செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாமை ஒன்று. செல்ஃப்பே எடுக்காமை மற்றொன்று. முன்னதில் எஞ்சின் சுழலும், பற்றாது; குற்றம் பெட்ரோலிலோ தீப்பொறியிலோ காற்றிலோ இருக்கும். பின்னதில் எஞ்சின் சுழலவே சுழலாது. டேங்க் நிறைந்திருந்தாலும் வறண்டிருந்தாலும் ஒன்றே. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினால், அவர் பிளக் ஸ்பேனரோடு வந்து, பேட்டரி நோயுற்ற வண்டியின் ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்து மாட்டிவிட்டுப் போக நேரும். ஆகவே பகுப்பே மருத்துவத்தின் முதற்படி. இக்கட்டுரை பின்னதை மட்டும் ஆராய்கிறது. முன்னது தனி நூலுக்குரியது.

ஆராயப்படும் வண்டி அம்பாசடராகவோ, பிரீமியர் பத்மினியாகவோ, மாருதி 800 ஆகவோ இருக்கலாம். மாருதி 800, 1983 டிசம்பரில் முதற்சாவி கைமாறியது முதல் 2014 ஜனவரி வரை உற்பத்தியாயிற்று; அம்பாசடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. எனவே இவ்வினத்தில் மிக இளைய வண்டியும் பத்து வயதைக் கடந்துவிட்டது. கியரைக் கையாலும் கிளட்ச்சைக் காலாலும் இயக்குவது மூன்றுக்கும் பொதுப்பண்பு. இப்பண்பு நோயறிதலுக்குச் செய்யும் உதவி உரிய இடத்தில் நிறுவப்படும்.

இவ்வாய்வுக்கு நெய்வேலியை நிலமாகக் கொண்டதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஊரின் அமைப்பு. எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிந்த இந்நகரியத்தில் குவார்ட்டர்ஸுக்கும் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடையே சைக்கிளும் ஸ்கூட்டரும் நிறுவனப் பேருந்தும் போதும். கார் ஞாயிறன்று வடலூருக்கோ பண்ருட்டிக்கோ போய்வந்தபின் தகரக் கொட்டகையில் வாரம் முழுதும் ஓய்கிறது. குறுகிய ஓட்டத்தில் பேட்டரி இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. நீண்ட ஓய்வில் இருப்பதையும் தானாகவே இழக்கிறது. குறைந்த நிலையில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. இரண்டாவது, வெப்பம். குளிர்நாட்டுப் பேட்டரி பனிக்காலக் காலையில் தன் பலவீனத்தைக் காட்டும். கடலூர் மாவட்டத்துப் பேட்டரியோ கோடை முழுவதும் உள்ளுக்குள் நீர் வற்றி ஆயுளைச் சுருக்கிக்கொள்கிறது.

மூன்றாவது காரணமே தலையாயது. மின்சாரம் செய்வதற்கு முன்பே மின்சாரம் வேண்டும் என்னும் விதியை இந்த ஊர் அளவுக்குத் தெளிவாக விளக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. 1956இல் இங்கே நிலக்கரி நிறுவனம் அமைந்தது. சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் இயங்கத் தொடங்கி, 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2020இல் ஓய்வுபெற்றது. நிலக்கரியைத் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரம் மின்சாரத்தால் ஓடுகிறது. சுரங்கத்தின் அடியிலிருந்து பீறிட முயலும் ஊற்றுநீரை ஓயாமல் இறைக்கும் பம்புகளும், கரியைப் பொடியாக்கும் அரைவைகளும், கொதிகலனுக்கு நீரும் காற்றும் தரும் கருவிகளும் மின்சாரத்தாலேயே ஓடுகின்றன. நிலையம் முற்றாக நின்றுவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் வந்தாலன்றி அது எழாது. 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தபோது பெரும் அனல் நிலையங்கள் இவ்வாறே பிறர் உதவிக்குக் காத்து நின்றன. காரும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஓடும் எஞ்சின் பேட்டரியை நிரப்புகிறது. நிரம்பிய பேட்டரி எஞ்சினை ஓட வைக்கிறது. இந்த வட்டம் எந்த இடத்தில் அறுந்தது என்று காண்பதே நோயறிதல்.

வட்டத்தின் வன்மையான கண்ணி, செல்ஃப் என வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார். 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்த காலத்தில், எஞ்சினைச் சுழற்றும் வலிமையுள்ள மோட்டார் வண்டியில் அடங்காது என்னும் கருத்து வலுவாக இருந்தது. கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியவர். சில நொடி மட்டும் உழைக்கும் மோட்டாரிடம் அதன் அளவுக்கு மீறிய வேலையை வாங்கலாம் என்பதை அங்கே கண்டவர். அச்சலுகை இன்றும் சில நொடிக்கு மட்டுமே செல்லும். சாவியைப் பத்து நொடிக்கு மேல் பிடித்துத் திருப்புகிறவர் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்தி, நோயறிதலுக்கு முன்பே இரண்டாவது நோயை உண்டாக்குகிறார்.

மின்சாரம் செல்லும் வழி இரண்டு: பெருவழி, சிறுவழி. பேட்டரியிலிருந்து தடித்த கேபிளில் கிளம்பி, சோலினாய்டின் செப்புத் தொடுமுனைகளைக் கடந்து, கார்பன் பிரஷ் வழியே ஆர்மேச்சரில் நுழைந்து, எஞ்சின் உடம்பில் இறங்கி, எர்த் பட்டை மூலம் பேட்டரிக்கு மீள்வது பெருவழி. பேட்டரியிலிருந்து மெல்லிய வயரில் சாவி சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து சோலினாய்டின் சுருளுக்கு வருவது சிறுவழி. சிறுவழி கட்டளையிடுகிறது, பெருவழி உழைக்கிறது. குற்றம் கட்டளையிலா உழைப்பிலா என்பதை ஒலி, ஒளி என்னும் இரண்டு சான்றுகளால் துணியலாம். ஒருவர் ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப, மற்றொருவர் விளக்கை நோக்கி நிற்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் விளக்கின் ஒளியைக் கொட்டகைச் சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வாறு பெறப்படும் நிலைகள் ஆறு. விளக்கு முதலிலேயே எரியாவிடின், பேட்டரி முற்றும் இறங்கியது அல்லது டெர்மினல் கழன்றது. விளக்கு பிரகாசம் குன்றாமல் எரிந்து, ஒலி ஒன்றுமே எழாவிடின், சிறுவழி அறுந்தது. சாவி சுவிட்ச், சோலினாய்டில் செருகிய மெல்லிய வயர், சுருள் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். விளக்கு குன்றாமல் ‘டக்’ என்று ஒரு முறை மட்டும் ஒலித்தால், கட்டளை சேர்ந்தது, உழைப்பு நடக்கவில்லை. தொடுமுனை கருகியிருக்கும் அல்லது கார்பன் தேய்ந்திருக்கும். விளக்கு மிக மங்கி ஒற்றை ‘டக்’ எழுந்தால், மின்சாரம் பாய்ந்தும் மோட்டார் சுழல முடியவில்லை. பினியன் பல், ஃப்ளைவீல் பல்லில் இறுகியிருக்கலாம், அல்லது பேட்டரி மெலிந்திருக்கலாம். விளக்கு அணைந்தணைந்து ‘டக டக டக’ எனத் தொடர்ந்தால், சோலினாய்டு பற்றும்போது வோல்ட் வீழ்கிறது, வீழ்ந்ததும் விடுகிறது, விட்டதும் வோல்ட் எழுந்து மீண்டும் பற்றுகிறது. இது பேட்டரியின் அல்லது டெர்மினல் பிடிப்பின் குற்றம். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று தனியே சுற்றினால், பினியனைத் தாங்கும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது அல்லது ஃப்ளைவீல் ரிங்கில் பல் தேய்ந்துள்ளது.

எஞ்சின் முனகியபடி மெல்லச் சுற்றி நிற்பதை ஏழாவதாகச் சேர்க்கலாமா என்பது ஆராயத்தக்கது. அங்கே செல்ஃப் எடுக்கிறது. எடுத்த பயன் இல்லை. ஒரு சுற்றும் முழுமையாக முடியாவிடின் செல்ஃப் எடுக்காமையிலும், முடியுமாயின் ஸ்டார்ட் ஆகாமையிலும் அதனை அடக்குவது பொருந்தும்.

கருவிகொண்டு அளப்பது அடுத்த படி. சில மணி நேரம் ஓய்ந்த நல்ல பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டும், 12.4 நடுத்தரம், 12.0 ஏறக்குறைய வறுமை. சாவி திருப்பும் நேரத்தில் அது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தகுதியற்றது. பேட்டரி தேர்ந்தபின் பெருவழியைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். கேபிளின் இரு முனைகளுக்கும் நடுவே, சுழற்றும் வேளையில், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அத்துண்டு மின்சாரத்தைத் தின்கிறது. டெர்மினலில் பூத்த வெண்பச்சைப் பொருக்கை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். கழற்றுகையில் எர்த் முதலிலும், மாட்டுகையில் எர்த் கடைசியிலும் வர வேண்டும். இம்முறை மாறினால் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

நின்ற வண்டியைச் சூழ்ந்து கூடும் கருத்துகளுக்கும் தரம் காண வேண்டியுள்ளது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, கருதல் என்ற இரண்டையே அளவைகளாகக் கொண்டு, தவறும் வாதத்தைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பகுக்கிறார். மூன்றும் குவார்ட்டர்ஸ் வாசலில் வழங்குகின்றன. ஹெட்லைட் பளிச்சென்று எரியும்போதே பேட்டரி செத்துவிட்டது என்பது பக்கப்போலி. கண்முன் நிற்கும் காட்சிக்கே மேற்கோள் முரண்படுகிறது. ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்று என்பது ஏதுப்போலி. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டருக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும், ஆதலின் அந்த ஏது எதையும் நாட்டவில்லை. எதிர்வீட்டு வண்டியும் இப்படித்தான் நின்றது, ஸ்டார்ட்டர் மாற்றியதும் ஓடியது என்பது திட்டாந்தப்போலி; ஸ்டார்ட்டர் மாற்றுகையில் கேபிளும் கழற்றி இறுக்கப்பட்டது, ஓடியதற்கு அந்த இறுக்கமே காரணமாகலாம். இம்மூன்றில் பொருட்செலவு மிகுதியும் மூன்றாவதால் விளைகிறது.

கையால் கியர் போடும் வண்டியின் சிறப்பு இங்கே வெளிப்படும். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் இரண்டு பயன் உண்டு. இறுகிய பினியன் விடுபடலாம். விடுபட்டால் நோயும் மருந்தும் ஒருங்கே அறியப்படும். எஞ்சின் அசைகிறதா என்பதும் தெரியும். சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி நகர மறுத்தால், எஞ்சினுக்குள்ளே பிடித்திருக்கலாம், பேட்டரி வாங்கப் புறப்படுவது வீண். ஸ்பேனரின் பிடியால் ஸ்டார்ட்டர் உடம்பை மெல்லத் தட்டுவதும் ஒரு சோதனையே: தட்டியதும் எடுத்தால் தேய்ந்த கார்பன் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது என்று பொருள். அது மருந்தாகாது, தட்டுதலின் வேகத்தை நாள்தோறும் கூட்டுவதும் மருந்தாகாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கடைசி வழி. சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியரில் கிளட்ச்சை மிதித்திருந்து, நடையினும் சற்று விரைவான வேகம் வந்ததும் சட்டென விட வேண்டும். மலையூர்களில் சரிவில் நிறுத்தினால் ஆள் வேண்டாம். நெய்வேலியில் குன்று எனத்தக்கவை சுரங்கத்தின் மேல்மண் கொட்டிய மேடுகள். அவை கார் உருட்டுவதற்கு உரியவை அல்ல. எனவே இங்கு தள்ளுதல் முழுவதும் மனிதரைச் சார்ந்தது; ஷிப்ட் விட்டு ஆட்கள் திரும்பும் வேளையே அதற்குத் தக்க பொழுது. தள்ளுவோர் மூவகையினர்: உடல் எடையைக் கொடுப்போர், டிக்கியில் கைவைத்து உடன்வருவோர், வழிகூறுவோர். ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள மாருதி 800க்கு முதல் வகையினர் இருவர் போதும். அம்பாசடருக்கு நால்வர் வேண்டும். பிற இரு வகையினரின் எண்ணிக்கை கூடுவதால் வண்டியின் வேகம் கூடுவதில்லை. பேட்டரி அறவே வற்றியிருந்தால் முதல் வகையினராலும் பயன் குறைவு: ஆல்டர்னேட்டருக்கு உயிர்ப்பூட்டவும் காயில் பொறி விடவும் சிறிதேனும் மின்சாரம் வேண்டும். தன்னில் எஞ்சிய காந்தத்தால் தானே எழக்கூடிய டைனமோ பூட்டிய முற்கால வண்டிக்கு மட்டும் இதில் சற்றுத் தளர்வு உண்டு.

இறுதியாகக் கருதத்தக்கது, யாரும் எதுவும் செய்யாமலே வண்டி எடுத்துவிடும் நிலை. வீட்டார் இதனை நற்செய்தியாகக் கொள்வர். நோயறிவோனுக்கு இதனினும் கடியது இல்லை. காரணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சான்று மட்டும் மறைந்தது. அந்நேரம் செய்யத்தக்கவை மூன்று. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும், 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது. டெர்மினல், எர்த் பட்டை, சோலினாய்டு வயர் ஆகிய மூன்றையும் கையால் அசைத்து, எது சூடாகவும் தளர்வாகவும் உள்ளதென்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின், பயணத்துக்கு எல்லோரும் ஏறி அமர்ந்துவிட்ட நிலையிலும், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும். மீண்டும் நின்றுவிடக்கூடும் என்பது அச்சோதனைக்கு எதிரான வாதமாகச் சொல்லப்படுகிறது. நிற்பதாயின் பண்ருட்டிச் சந்தையில் நிற்பதைவிடக் கொட்டகையில் நிற்பதே நன்று. அங்கே கருவிகளும் இருக்கின்றன, தள்ளுவோரும் இருக்கின்றனர்.